பெட்டி போச்சு என்றார்கள்: ஃபோர் வீல் டிரைவ் வண்டியோடு 6 வருடம்

தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்மாயை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அந்தச் செம்மண் பாதையில் சாதாரணக் கார் போகாது. அதற்காகத்தான் இந்தப் பழைய டீசல் வண்டியை வாங்கினேன், டேஷ்போர்டில் சுவிட்சைத் திருகினால் டூ ஹை (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்), ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும்), ஃபோர் லோ (நாலும் மெதுவாக, அதிக இழுவையோடு). இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ்; இதுவரை மூன்று தடவை "டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சுண்ணே" என்று கேட்டிருக்கிறேன். நிஜமாகப் போனது ஒரே தடவை.

முதல் தடவை டயர் விவகாரம். காசு போதாமல் முன்னால் மட்டும் புது டயர் போட்டிருந்தேன். சேற்றைத் தாண்டி தார் ரோட்டுக்கு வந்து டூ ஹைக்குத் திருகினால் ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகுகிறது. என் வண்டிப் பெட்டியில் நடுவில் டிஃபரன்ஷியல் (முன், பின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் பல்சக்கர அமைப்பு) கிடையாது, ஃபோர் ஹையில் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், டயர் உயரம் வேறாக இருந்தால் முறுக்கு ஏறி உள்ளே கவ்விக்கொள்ளும். நேராக ரிவர்ஸில் பத்தடி போனதும் டக்கென்று விட்டது. செலவு பின் டயர் இரண்டு.

இரண்டாவதுதான் பயந்த கதை. கண்மாய்க் கரையில் ஃபோர் லோவிலிருந்து மாற்றினேன், அதற்கப்புறம் எந்த கியர் போட்டாலும் இன்ஜின் உறுமுகிறதே தவிர வண்டி நகரவில்லை. சரி, பார்ப்போம் என்று அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினால் வண்டி தானாக உருள்கிறது! ஒரு கருவேல மரம் தாங்கிக்கொண்டது. லோவுக்கும் ஹைக்கும் நடுவில் பெட்டிக்கே ஒரு நியூட்ரல் உண்டு, மாற்றும் மோட்டார் பாதியில் நின்றால் அங்கே மாட்டிக்கொள்ளும், அப்போது கியர் வண்டியைப் பிடிக்காது, ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பெட்டியையே மாற்றணும் என்றது ஒரு பட்டறை. வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் மோட்டார் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றிக் காட்டினார், உள்ளே இருந்த கம்பி முனைகள் எல்லாம் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்து மாட்டினார், அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை, ஃபோர் லோவில் கரை ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மட்டும் அடியில் 'கடக் கடக்'. டூ ஹையில் சத்தமே இல்லை. ஷாஃப்ட் கிராஸை (ஷாஃப்ட் மடங்கித் திரும்ப உதவும் இணைப்பை) ஆட்டிப் பார்த்தோம், ஆட்டம் இல்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன் ஷாஃப்டைக் கையால் சுற்றினோம். டூ ஹையில் லேசாகச் சுற்றியது, ஃபோர் ஹையில் அசையவில்லை, ஆக மோட்டார் தன் வேலையைச் செய்கிறது. பெட்டி ஆயிலை இறக்கினால், இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் வழக்கமான சாம்பல் பசை இல்லை, மினுமினுக்கும் தகடுகள். பெட்டிக்குள் முன் ஷாஃப்டைச் சுற்றும் செயின் நீண்டு பல் தாண்டியிருக்கிறது. செயினும் பல்சக்கரங்களும் மாற்றினோம்.

இப்போது 2 வருடமாகச் சத்தம் இல்லை. முன்பக்க ஆயில் சீல் மட்டும் லேசாகக் கசிகிறது, கோலம் போடுகிற இடத்தில் சொட்டுகிறது என்று ஆத்தா தினமும் திட்டுகிறார்கள்.