டிஸ்சார்ஜ் சம்மரி போதுமா, கேஸ் ஷீட் நகலும் வாங்க வேண்டுமா?

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, இடது காலுக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்டது, "போன தடவை ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போச்சாம்மா?" ஒரு ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்துப்போனது அம்மாவுக்கு நினைவிருந்தது. எந்த ஊசி என்று தெரியவில்லை. கையிலிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சம்மரியைக் குறை சொல்லவில்லை. இரண்டு மூன்று பக்கம், கேட்காமலே கொடுத்துவிடுவார்கள், அடுத்த செக்கப்புக்கு அது போதும். ஆனால் அது கடைசி நாளில் சுருக்கி எழுதுவது. கேஸ் ஷீட் என்பது டாக்டர்களும் நர்ஸ்களும் அந்தந்த வேளையில் எழுதிய முழு ஃபைல்.

பழைய மருத்துவமனையில் நகல் வாங்கியபோது நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. மருந்து சார்ட்டில் இரண்டாம் நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியின் பெயரைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். அதே இரவு நர்ஸ் குறிப்பில் தடிப்பு, அரிப்பு என்று நேரத்தோடு இருந்தது. அப்புறம், உள்ளே வைத்த செயற்கை மூட்டின் அளவும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தது. பின்னால் அந்த மூட்டில் கை வைக்க நேர்ந்தால் டாக்டர் தேடுவது அதைத்தான்.

"ஃபைல் ஆஸ்பத்திரி சொத்து, தர முடியாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். அசல் அவர்களிடம் இருக்கட்டும், நகல் நோயாளியின் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதைக் கடிதத்திலேயே எழுதினேன். ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), அட்மிஷன் தேதி, எனக்கு அனுமதி தந்து அம்மா போட்ட கையெழுத்து, அடையாள அட்டை நகல் எல்லாம் சேர்த்தேன். இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன். சீல் இல்லாவிட்டால் 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று காட்ட முடியாது. மூன்றாம் நாள் மதியம் நகல் கிடைத்தது. ஜெராக்ஸ் செலவு மட்டும் நம்முடையது.

சம்மரி போதும் என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது காலக்கெடு. அதே விதிகள் உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கத்தான் சொல்கின்றன. எங்களுக்கு ஒரு வருஷம் மிச்சம் இருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால், அந்த ஊசியின் பெயரை எங்கே போய்த் தேடுவது? தேவை வரும்போது கேட்கலாம் என்று விடாதீர்கள், டிஸ்சார்ஜ் ஆன வாரமே கேட்டுவிடுங்கள்.

என் அனுபவம் தனியார் மருத்துவமனையோடு சரி. அரசு மருத்துவமனையில் நான் கேட்டுப் பார்த்ததில்லை. அங்கே கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. மெதுவான வழிதான்.

மயக்க மருந்து டாக்டரிடம் அந்த மருந்து சார்ட் பக்கத்தைக் காட்டியதும், புது ஃபைலின் அட்டையிலேயே அந்த மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதினார். இடது கால் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்கே அந்த கேஸ் ஷீட்டுக்கும் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.