சிப்பிக் காளானா, பால் காளானா: இளம் விவசாயி எதில் தொடங்கலாம்?

பட்டன் காளான் எனப்படும் மொட்டுக் காளானுக்கு மட்கிய உரமும் 14 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சியும் வேண்டும் என்பதால், உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு வெளியே கடன் வாங்கி அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ்நாட்டின் சமவெளியில் உண்மையான போட்டி சிப்பிக் காளானுக்கும் பால் காளானுக்கும்தான்.

தொடக்க வேலை இரண்டுக்கும் ஒன்றே. நறுக்கிய வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்திய பின், நெகிழிப் பையில் வைக்கோலையும் சோளத்தில் வளர்த்த காளான் வித்தையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் ஈரத்தில்தான் தவறுகிறார்கள். ஒரு பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. ஆனால் உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும். சொட்டச் சொட்ட அவசரமாக நிரப்பிய பையில் பச்சைப் பூசணம் படர்ந்துவிட்டால், அதைக் கொட்டகையை விட்டே அகற்ற வேண்டியதுதான்.

வித்துப் பரவியதும் பாதைகள் பிரிகின்றன. சிப்பிக் காளான் படுக்கையில், அதாவது நிரப்பிய பையில், பதினைந்து, இருபது நாளில் வெண்ணிறக் காளான் இழை முழுதாகப் படர்ந்த பின் பையைக் கீறி நீர் தெளித்துவந்தால், சில நாளிலேயே மொட்டுகள் வந்துவிடும். பால் காளானுக்கோ படுக்கையை இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே பரப்பி, மேலும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனாலும் சிப்பிக் காளான் துவண்டுபோகும் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் அது செழித்து வளர்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தை நான் பெரிதும் மதிப்பது இதற்காகத்தான்.

என்னைப் பொறுத்தவரை விளைச்சலைவிட விற்பனைத் தூரமே தேர்வை முடிவு செய்கிறது. காலையில் பறித்த சிப்பிக் காளான் குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் மறுநாளே வாடிவிடும். சதைப்பற்றுள்ள பால் காளான் மூன்று நாள் வரை தாங்கும். எனவே நகரத்தை ஒட்டி, தினமும் வாங்கும் வீடுகளும் உணவகங்களும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பவர், ஐப்பசியில் இருபது சிப்பிக் காளான் பைகளோடு கீற்றுக் கொட்டகையில் தொடங்கலாம். பேருந்தில் காளானை அனுப்பி விற்க வேண்டிய உட்கிராமத்துக்காரர், தரைக்குக் கீழே சற்றுப் பள்ளம் பறித்து நீல நெகிழித் தாள் வேய்ந்த குடில் அமைத்து, பங்குனி வெயிலில் பால் காளானைத் தொடங்குவதே நல்லது. சிப்பிக் காளானின் விதைத்தூள் சிலருக்குத் தீராத இருமலைத் தரும் என்பதால், பறிக்கும்போது முகக்கவசம் அணிவதை வீட்டார் யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது.