யுனிவர்சல் ரிமோட்: குறியீட்டு எண்ணா, தானியங்கித் தேடலா?

பல நிறுவனங்களின் டிவிகளை இயக்கக்கூடிய யுனிவர்சல் ரிமோட்டை உங்கள் டிவிக்கு ஏற்ப அமைக்க இரண்டு வழிகள் உண்டு. ரிமோட்டின் கையேட்டில் உங்கள் டிவி நிறுவனத்துக்குரிய குறியீட்டு எண் இருந்தால், அதை நேரடியாகப் பதிவதே நல்லது. பல மாடல்களில், செட்டப் பொத்தானைச் சிறு விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடித்து, பெரும்பாலும் நான்கு இலக்கமுள்ள அந்த எண்ணை அழுத்தினால் போதும். ஆனால் ஒரே நிறுவனத்துக்குப் பல எண்கள் இருக்கும். டிவியை அணைக்கும் எண்ணே ஒலியளவையும் மெனுவையும் இயக்கும் என்ற உறுதியில்லை என்பதால், எல்லாப் பொத்தான்களையும் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

கையேடு தொலைந்தவர்களுக்குத் தானியங்கித் தேடல் கைகொடுக்கும். டிவியை முன்கூட்டியே ஆன் செய்து வைத்துத் தேடலைத் தொடங்கினால், ரிமோட் தன் நினைவகத்திலுள்ள அகச்சிவப்புக் குறியீடுகளை ஒவ்வொன்றாக அனுப்பும். பொருந்தும் குறியீடு வந்ததும் டிவி திரை அணையும்; உடனே உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தத் தவறினால், ரிமோட் அடுத்த குறியீட்டுக்குத் தாவிவிடும். இதற்குப் பொறுமை வேண்டும். புளூடூத்தில் மட்டுமே இயங்கும் குரல் தேடல் வசதி இரண்டு வழிகளிலும் கிடைக்காது.