திருமலையா, மட்டக்களப்பா?

இலங்கையின் கிழக்கில் துறைமுக வரலாறு பார்க்க வருகிறவர்கள் நேரே திருமலைக்குத்தான், அதாவது திருகோணமலைக்குத்தான், போகிறார்கள். அது நியாயம்தான், அவ்வளவு ஆழமான இயற்கைத் துறைமுகம் அங்கே இருக்கிறது, 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் அதைக் குறிவைத்துத்தான். எங்கள் மட்டக்களப்பில் அந்த ஆழம் கிடையாது. இங்கே இருப்பது வாவி, அது கடலைத் தொடும் முகத்துவாரத்தில் வெயில் காலத்தில் மணல் மூடிவிடும், மாரியில் வெள்ளம் ஏறினால்தான் திறக்கும், சில வருஷம் ஆட்களே வெட்டிவிட வேண்டியிருக்கும். பெரிய கப்பல் எப்படி உள்ளே வரும்?

ஆனாலும் ஒல்லாந்துக் (டச்சு) கடலோடி ஸ்பில்பேர்கன் 1602இல் வந்து இறங்கியது இங்கேதான், கண்டி மன்னனைப் பார்க்கப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய கோட்டையைப் பத்தே வருஷத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அதற்குள் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நடந்தது. திருமலைக் கோட்டைக்குள் இராணுவ முகாம், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பார்ப்பதுதான். கப்பல் பார்க்க ஆசையென்றால் திருமலை. என்னைக் கேட்டால் மட்டக்களப்பைத்தான் சொல்வேன்: கோட்டையைப் பார்த்துவிட்டு, அப்புறம் 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரம் நடங்கள், வாகனங்கள் போகப் பக்கத்திலேயே புதுப் பாலம் இருக்கிறது.