டர்பன் வெயிலில் ஸ்கைரிம் பனி: பல வருட அனுபவம்

டிசம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த லீவு நாட்களில்தான் ஸ்கைரிமை அதிகம் ஆடியிருக்கிறேன். 2011 நவம்பரில் வந்த வீடியோ கேம். கதையை எப்போதோ முடித்துவிட்டேன். இன்னமும் அழிக்காமல் வைத்திருப்பது அதன் பனி மூடிய வடக்குப் பகுதி ஊர்களுக்காக: டான்ஸ்டார், விண்ட்ஹெல்ம், எல்லாவற்றுக்கும் மேலாக விண்டர்ஹோல்ட்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவனுக்கு இந்தப் பனி ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். காட்டுப் பகுதியில் மரம், பூ, மான், ஓடை என்று கண்ணை இழுக்க ஆயிரம் விஷயம் இருக்கும். பனியில் எல்லாம் மறைந்துவிடும். விண்டர்ஹோல்டுக்கு நடந்து போனால் முதலில் காற்றின் ஊளை, அப்புறம் சாம்பல் நிறத் திரை, வெகுநேரம் கழித்து மங்கலாக ஒரு வெளிச்சம். அந்த ஊரில் பெரும்பகுதி எப்போதோ கடலில் சரிந்துவிட்டது. சில வீடுகளும் ஒரு சத்திரமும் பாறை உச்சியில் மந்திரவாதிகளின் கல்லூரியும்தான் மிச்சம். சத்திரத்துக் கதவைத் திறந்ததும் காற்றுச் சத்தம் பட்டென்று அறுந்துபோய், அடுப்பு விறகு வெடிக்கிற சத்தம் கேட்கும். அந்த ஒரு நொடிக்காக இத்தனை தூரம் நடக்கலாம். அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, சும்மா நடந்துக்கிட்டே இருக்கீங்களே, சண்டை எப்ப?" என்று கேட்பான். எனக்கு நடைதான் கேம்.

ஆனால் வெறும் காட்சியாக இருக்கிற பனி கொஞ்ச நாளில் சலித்துவிடும். பழைய ஸ்கைரிமில் இடுப்புத் துணியோடு உறைந்த கடலில் நீந்தினாலும் ஒன்றும் ஆகாது. அதை மாற்றியது சர்வைவல் மோட், அதாவது குளிரைத் தாங்கிப் பிழைத்தாக வேண்டிய ஆட்டமுறை. 2021 நவம்பர் அப்டேட்டிலிருந்து ஸ்பெஷல் எடிஷன் என்ற மெருகேற்றிய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இது இலவசம். குளிர் ஏற ஏற உயிர்க்கோட்டின் அளவே சுருங்கும். கம்பளி உடை வேண்டும், சூடான சூப் வேண்டும், கையில் தீப்பந்தம் இருந்தால் கொஞ்சம் தாங்கும். வடக்குக் கடலில் விழுந்தால் சீக்கிரமே கதை முடிந்துவிடும். வரைபடத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்து நொடியில் போய்ச் சேரும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. குதிரை வண்டி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடந்தே போக வேண்டும். முன்பெல்லாம் மலைமேல் உள்ள மடத்துக்குப் போகும் ஏழாயிரம் படிகளில் குதித்துக் குதித்து ஏறிவிடுவேன். இப்போது மலையடிவாரத்து ஐவர்ஸ்டெட் சத்திரத்தில் தூங்கி எழுந்து, சூப் குடித்து, விடிந்த பிறகுதான் கிளம்புகிறேன். பாதி வழியில் பனிப் பூதம் காத்திருப்பது தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

குளிரை இன்னும் அழகாகச் செய்த கேம் 2017-ல் வந்த செல்டா, பிரெத் ஆஃப் தி வைல்ட். அதில் மிளகாய் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டால் பனிமலையில் குளிர் தெரியாது. நம் வீட்டில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை! ஆழமான பனியில் கால் புதைந்து நடை மெதுவாவதும், அதற்கென்று தனிக் காலணி தேடிப் போவதும் அருமை. எல்டன் ரிங் என்ற இன்னொரு கேமின் பனிவெளியில் புயல் கண்ணை மறைக்கும், பயமாக இருக்கும். ஆனால் அந்தப் பனி உடம்பைத் தொடுவதில்லை. அழகில் குறை சொல்ல முடியாது, என்றாலும் அங்கே திரும்பிப் போகத் தோன்றவில்லை.

2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது. அந்தச் சாலையில் எத்தனையோ பேர் இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். பனிப் பொம்மை செய்யும் பிள்ளைகளும், நகர முடியாமல் வரிசையாக நிற்கும் லாரிகளும் ஒரே நாளில் வாட்ஸப்பில் வந்து விழுந்தன. நான் மேலே சொன்னதும் இதைத்தான்: ஆசையும் ஆபத்தும் சேர்ந்து வரும்போதுதான் பனி பனியாக இருக்கிறது.

ஸ்கைரிமில் குறைகளும் உண்டு. ரசிகர்கள் செய்த மாற்றங்கள் (mod) எதுவும் போடாவிட்டால் நடந்த இடத்தில் கால்தடம் பதியாது. சில கூரைகளுக்கு அடியில் நின்றாலும் தலையில் பனி விழும். இரவில் விளக்கணைத்து ஆடினால் அந்த வெள்ளை கண்ணைக் கூசும், பிரைட்னஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம், காற்றுச் சத்தம் இல்லாவிட்டால் பாதி அனுபவம் போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சர்வைவல் மோடை எடுத்தவுடன் போட வேண்டாம். முதலில் தெற்கே ஊர்களையும் பாதைகளையும் பழகிக்கொள்ளுங்கள், கம்பளி உடையும் சூப்புக்கான சாமானும் சேருங்கள். அதன்பின் மோடைப் போட்டுவிட்டு, நடுவில் உள்ள வைட்ரன் ஊரில் வண்டி பிடித்து விண்ட்ஹெல்மில் இறங்கி, அங்கிருந்து விண்டர்ஹோல்டுக்கு நடந்தே போய்ப் பாருங்கள்.