‘பிட்லாக்கர் பூட்டை உடைத்துத் தருகிறோம்’ என்பவரிடம் மடிக்கணினியைக் கொடுக்காதீர்கள்

தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அப்பாவின் பல ஆண்டு உழைப்பு அழிந்துபோனது. பணம் போனதைவிட, அதை மூடி மறைத்த விதம்தான் வயிற்றெரிச்சல். டெல்டாவில் இன்னொரு வீட்டுக்கு இது நடக்கக் கூடாது.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம். அப்பா நாட்டு நெல் பயிரிடுகிறவர். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, காட்டுயானம் என்று ஒவ்வொன்றுக்கும் நாற்று விட்ட தேதி, தூர் கட்டிய விதம், 2018 கஜா புயலில் எது சாய்ந்தது, எது நிமிர்ந்து நின்றது என எல்லாவற்றையும் படங்களோடு மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தார். சார்ஜ் சரியாக ஏறவில்லை என்று கடையில் கொடுத்தோம். மதர்போர்டை மாற்றினார்கள். உடனே நீலத் திரை வந்து, பிட்லாக்கர் (வட்டில் உள்ளதை மறையாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைக் கேட்டது.

இது பழுதே இல்லை. வட்டைத் திறக்கும் சாவி பழைய போர்டில் இருந்த டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லை நம்பி இருந்தது. அந்தச் சில்லு போய்விட்டால் 48 இலக்க மீட்புச் சாவிதான் வழி. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து நுழைந்தால், பல கணினிகளில் நாம் கேட்காமலே இந்தப் பூட்டு விழுந்துவிடுகிறது. சாவியும் அதே கணக்கில் சேமிக்கப்பட்டுவிடும். மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தபோதே பிட்லாக்கரை நிறுத்திவைத்துவிட்டுப் போர்டைக் கழற்றியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை, யாருடைய கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

“சாவியெல்லாம் எங்கேயும் இருக்காது ஐயா. சாஃப்ட்வேர் போட்டு உடைத்துவிடலாம், டேட்டாவுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லி அப்பாவிடம் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார் கடைக்காரர். ரசீதில் ‘சாஃப்ட்வேர் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் “ஓடிக்கொண்டிருக்கிறது, பாதி முடிந்துவிட்டது” என்ற ஒரே பதில்.

கடைசியில் மடிக்கணினி வந்தது. டெஸ்க்டாப்பில் ‘பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர். திறந்தால், விண்டோஸோடு வரும் மலையும் கடலுமான வால்பேப்பர் படங்கள். “மீட்க முடிந்தது இவ்வளவுதான்” என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் அபௌட் பகுதியில் விண்டோஸ் நிறுவிய தேதி இருக்கும். அங்கே இருந்தது அப்பா பணம் கொடுத்த அதே தேதி. பணம் வாங்கிய அன்றே ஃபார்மெட் அடித்துவிட்டு, அத்தனை நாளும் ஒரு முதியவரிடம் பொய் சொல்லியிருக்கிறார்!

சாவி இருந்தது. திருவாரூரில் இருக்கும் தம்பிதான் மடிக்கணினி வாங்கியபோது தன் மின்னஞ்சலில் அதை அமைத்துக் கொடுத்தவன். அவன் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தான். நீலத் திரையை அப்பா செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் தெரிந்த சாவி அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளும் கணக்கில் இருந்தவையும் அப்படியே பொருந்தின. ஆனால் அந்தச் சாவிக்கு உரிய வட்டு அமைப்பு அழிக்கப்பட்டு, மேலே புது விண்டோஸ் ஏறியிருந்தது. எஸ்எஸ்டி என்பதால் அழித்த இடங்களை ட்ரிம் வசதியும் துடைத்திருக்கும்.

ஆகவே நீலத் திரை வந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள். பிறகு வீட்டில் யார் யாருடைய மின்னஞ்சல் அந்தக் கணினியில் நுழைந்திருக்கிறது என்று கேட்டு, எல்லோருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் தேடுங்கள். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கு என்றால் சாவி அவர்களிடம் இருக்கலாம். கிடைக்கும்வரை வட்டை யாரும் ஃபார்மெட் செய்ய விடாதீர்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ‘எழுத்துமூலம் ஒப்புதல் இல்லாமல் ஃபார்மெட் செய்யக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். ரசீது, நீலத் திரைப் படம், நிறுவிய தேதி மூன்றையும் வைத்து அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.