கடைசி இலக்கத்தை எவ்வளவு நம்பலாம்? பழைய ஈட்ரெக்ஸுடன் ஒன்பது ஆண்டுகள்

கார்மின் ஈட்ரெக்ஸ் என்ற கையடக்க ஜிபிஎஸ் கருவி, மஞ்சள் நிறம், 2000-ஆம் ஆண்டு வெளிவந்த மாடல். வரைபடம் இல்லை, வண்ணத்திரை இல்லை, 12 சேனல் (ஒரே நேரத்தில் 12 செயற்கைக்கோள்கள் வரை கேட்கும்). சிங்கப்பூரில் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கினேன். ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை அதன் இட எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்கு, ஒன்பது ஆண்டுகளாக இதைத்தான் எடுத்துச் செல்கிறேன். இன்றைக்கும் இது போதுமா என்று கேட்கிறார்கள். போதும். ஆனால் திரையில் தெரியும் மூன்றாவது தசம இலக்கத்தை அப்படியே நம்பக் கூடாது.

பெட்டி இருக்கும் இடத்தைப் பாகையாகவும் தசம நிமிடமாகவும் எழுதுவது நம் வழக்கம்: வ 01° 24.512 என்பதுபோல. நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு தரையில் 1.85 மீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் தீர்க்கரேகையிலும் நமக்கு அதே அளவுதான். லண்டனில் அது 1.15 மீட்டராகச் சுருங்கிவிடும். கருவிக்குச் சொல்லப்பட்டுள்ள துல்லியமோ 15 மீட்டர். கடைசி இலக்கம் எட்டு படி மாறினாலும் கருவி தன் வாக்கை மீறவில்லை என்றுதான் பொருள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைபோல வானம் திறந்த இடத்தில் இதைவிட நன்றாகவே செயல்படுகிறது. ஐந்தாறு மீட்டருக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

முதல் மாதம் நான் பட்ட பாட்டுக்குக் கருவி காரணமில்லை. முன்பு வைத்திருந்தவர் உள்ளூர்ப் பழைய வரைபடங்களுக்கு ஏற்ப அதைக் ‘கெர்ட்டாவ் 1948’ என்ற நில அளவை அடிப்படையில் வைத்திருந்தார்; இட எண்களை எங்கிருந்து கணக்கிடுவது என்பதை இந்த அடிப்படைதான் முடிவுசெய்கிறது. ஜியோகேச்சிங் முழுவதும் ஜிபிஎஸ்ஸின் உலகப் பொது அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84-இல் நடக்கிறது. இரண்டுக்கும் இங்கே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 200 மீட்டர் வேறுபாடு. புலாவ் உபின் தீவில் ஒரு முழுக் காலைப்பொழுதும் தவறான புதரைத் துழாவிக்கொண்டிருந்தேன். பழைய கருவி வாங்குகிறவர்கள் முதலில் இந்த அமைப்பைத் திறந்து பாருங்கள். தசம நிமிடத்தை விநாடியாக எடுத்துக்கொள்வதும் இதே வகைப் பிழைதான்: 24.500-ஐ 24 நிமிடம் 50 விநாடி என்று உள்ளிட்டால் 600 மீட்டர் தள்ளிப் போவீர்கள்.

அடுத்தது மரங்கள். இதன் ஆண்டெனா தட்டை வகை. கருவியை உள்ளங்கையில் படுக்கவைத்து முகம் வானத்தைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். கழுத்தில் தொங்கவிட்டால் பாதி வானத்தை நம் உடம்பே மறைத்துவிடுகிறது. மக்ரிச்சி காட்டில், மழை ஓய்ந்து இலைகள் நீர் சொட்டும் நேரத்தில், எப்படிப் பிடித்தாலும் சமிக்ஞை அறுபடுகிறது. அங்கே பொறுமை ஒன்றுதான் வழி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே கதை வேறு. சமிக்ஞை வலுவாகத் தெரியும், ‘துல்லியம் 7 மீ’ என்றுகூடத் திரை சொல்லும். ஆனால் அந்த எண் செயற்கைக்கோள்கள் வானில் பரவியிருக்கும் விதத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. சுவரில் பட்டுத் திரும்பி வந்த அலை அந்தக் கணக்கில் வராது. ஏழு என்று காட்டியபோது இருபது மீட்டர் விலகியிருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் தனியாகத் திசைகாட்டி இல்லை. நடந்தால்தான் அம்பு சரியாகத் திரும்பும். நின்றுவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. அதனால் கடைசி இருபது மீட்டரில் அம்பைத் துரத்துவதை விட்டுவிட்டேன். முப்பது மீட்டர் பின்வாங்கி, நிதானமாக ஒரே வேகத்தில் நடந்து வந்து, அம்பு நேராகக் காட்டும் மரத்தையோ பாறையையோ மனத்தில் குறித்துக்கொள்வேன். பிறகு வேறு பக்கத்திலிருந்து ஒருமுறை, இன்னொரு பக்கத்திலிருந்து ஒருமுறை. மூன்று கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கையை விட்டுத் தேடுவேன்.

நண்பகல் கடந்த இரண்டு மணி வாக்கில் அளவீடு அலைவது என் கற்பனை இல்லை. செயற்கைக்கோளின் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும், மின்னூட்டம் பெற்ற மேல் வளிமண்டல அடுக்கான அயனிமண்டலம் அப்போது தடித்திருக்கும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அதன் தாக்கம் கூடுதல். ஒரே அலைவரிசையை மட்டும் கேட்கும் கருவி, செயற்கைக்கோள் அனுப்பும் பொதுவான மாதிரியை வைத்துப் பாதியளவுதான் அதைத் திருத்த முடியும். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்த 2024-இல் இதை நன்றாகவே உணர்ந்தேன். முக்கியமான அளவீடுகளுக்கு இப்போது காலை நேரத்தைத்தான் ஒதுக்குகிறேன்.

தேடுவதைவிடப் பெட்டி வைப்பதில்தான் பொறுப்பு அதிகம். வைத்தவரின் பிழை 6 மீட்டர், தேடுபவரின் பிழை 8 மீட்டர் என்றால், இரண்டும் சேர்ந்து பொதுவாக 10 மீட்டர் வட்டமாகிறது. தேடி வருகிறவர் எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் என் 6 மீட்டரைக் குறைக்க அவரால் முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் இடத்தை விட்டு விலகி, திரும்பி வந்து, ஐந்து நிமிடம் கருவியை அசைக்காமல் வைத்துக் குறித்துக்கொள்கிறேன். மறுநாளும் போவேன், ஆனால் வேறு நேரத்தில். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே அமைப்புக்குத் திரும்பிவிடுவதால், அதே மணிக்குப் போனால் அதே சுவர் அதே பிழையைத்தான் தரும். இது புரிய எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

கடைசியாக வெஸ்ட் கோஸ்ட் பக்கம் வைத்த பெட்டிக்கு இப்படி ஆறு அளவீடுகள் எடுத்தேன். ஒன்றுக்கொன்று 9 மீட்டர் வரை விலகியிருந்தன. சராசரியை, இரண்டு அலைவரிசை கேட்கும் நண்பரின் புதிய கைபேசியோடு ஒப்பிட்டபோது வேறுபாடு 3 மீட்டர். அதோடு ‘கடல் பார்த்த பக்கம், முழங்கால் உயரம்’ என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன்.